எடுத்து வைத்த சீமந்தம்

என் வீட்டு முன்னறை ஜன்னல் மாடிப்படிக்கு நேர் எதிரே இருப்பதற்கு நான் பொறுப்பல்ல. சால்ட் லேக்கில் இந்தக் கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டிய இன்ஜினியர் அப்படி வைத்துவிட்டார். யார் ஏறினாலும் இறங்கினாலும் என் கண்ணில் பட்டே தீரவேண்டும். கண்ணில் பட்ட பிறகு எங்கே என்று கேட்காமல் விடுவது மரியாதைக் குறைவு. என்னைப் பற்றி இந்தக் கட்டடத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசுகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் அது கால்வாசிகூடத் தேறாது.

2003, நவம்பர் மாதக் காலை. மூன்றாம் மாடி ஜெயலக்ஷ்மி மாமி, மருமகள் சுப்ரியாவைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். சுப்ரியா ஸ்ரீரங்கத்துப் பெண். தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு என்ற பேச்சில்லாமல் இங்கேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் ஜெய்ராமுக்கு செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. மாமனார் சந்தானம் பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி இன்னும் அவருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை.

"கார்த்தாலேயே எங்க மாமி கிளம்பிட்டேள்?"

"ஆஸ்பத்திரிக்கு. ஸ்கேன்."

"போன வாரம்தானே எடுத்தேள்?"

"அது சாதாரண ஸ்கேன். அதுல குழந்தையோட ஹார்ட் சரியாத் தெரியலையாம். ஹார்ட்டையும் ரத்தக் குழாயையும் மட்டும் பார்க்கறதுக்குன்னே ஒரு ஸ்கேன் இருக்காம். பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கா."

"அங்க டாக்டர் பெங்காலியில பேசினா என்ன பண்ணுவேள்?"

முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஜெயலக்ஷ்மியின் பெங்காலி கத்தரிக்காய் பேரத்தைத் தாண்டியதில்லை. சுப்ரியாவுக்கு அதுவும் கிடையாது. ஜெயலக்ஷ்மி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததை நான் அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்வது. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அந்த முதல் ஸ்கேனே பூஜைக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டியது. துர்கா பூஜை வந்தது, லேப் மூடினார்கள். பிறகு லக்ஷ்மி பூஜை, பிறகு காளி பூஜை. இந்த ஊரில் அக்டோபரில் வியாதி வருகிறவர்கள் நவம்பர்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கும் அதே சட்டம்தான்.

ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரவைத்த அறை இருட்டு. ஏ.சி. மட்டும் முனகிக்கொண்டிருந்தது. டாக்டர் நந்திதா சின்ன உருவம், கண்ணாடி, கழுத்தில் ஒரு சால்வை. சுப்ரியாவின் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. ஒரு பொத்தானை அழுத்தியதும் அதற்குள் சிவப்பும் நீலமும் ஓடின.

"சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்," என்று ஜெயலக்ஷ்மி என் காதில் சொன்னாள். புறப்படும்போது சந்தானம் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார்.

கேட்டுச் சொன்னேன். அப்படியில்லையாம். கருவியைப் பார்த்து வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போகிறது நீலம், அவ்வளவுதானாம். இதைச் சொல்லிவிட்டு டாக்டர் பேசுவதை நிறுத்தினாள். கருவியைச் சாய்த்தாள், திருப்பினாள், சுப்ரியாவை ஒருக்களிக்கச் சொன்னாள், மறுபடி வைத்தாள். வாயை மூடத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அடுத்தவர் வாயை மூடினால் அதன் அர்த்தம் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். ஒரு பக்கத்தில் வண்ணம் கொப்பளித்துக்கொண்டு போனது. மறுபக்கத்தில் ஒரு கீறல். அதில் வண்ணமே ஏறவில்லை.

டாக்டர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். என் ஆயுளில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அன்றைக்குத்தான்.

இருதயத்தின் இடது பக்கம் வளரவில்லை. அங்கிருந்து உடம்புக்குப் போகிற பெரிய குழாய் நூலாக இருக்கிறது. இப்போது வலது பக்கம் இரண்டு பக்கத்து வேலையையும் பார்க்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் வயிற்றுக்குள் இருக்கும்வரை ஒரு குறுக்குக் குழாய் திறந்திருக்கும். அதன் வழியாக உடம்புக்கு ரத்தம் போகிறது. பிறந்து சில நாளில் அது மூடிக்கொள்ளும். மற்றக் குழந்தைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்தக் குழந்தைக்கு வேறு வழி இல்லை.

"ஆபரேஷன்?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆபரேஷன். வெளிநாட்டில் செய்கிறார்கள், அங்கேயும் எல்லாம் பிழைப்பதில்லை. இங்கே நம்பிக்கை கொடுத்துச் செய்கிறவர்கள் யாரையும் தனக்குத் தெரியாது என்றாள் டாக்டர்.

ஜெயலக்ஷ்மி என் பக்கம் குனிந்து, வாயால் சொல்லாமல் கையை ஒரு திருகு திருகிக் காட்டினாள். அதையும் கேட்டேன். கலைக்கச் சட்டம் அனுமதிக்கிற கெடு தாண்டிவிட்டது என்று பதில் வந்தது.

சுப்ரியா அதுவரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாமி, இப்போ அதுக்கு வலிக்கறதான்னு கேளுங்கோ."

கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லையாம்டீ. உள்ள அது சௌக்கியமா இருக்காம். அதுக்கு ஒண்ணும் தெரியாதாம்."

"இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்கோ."

டாக்டர் காட்டினாள். சத்தத்தையும் திறந்துவிட்டாள். யாரோ ஈரத் துணியை வேகவேகமாக உதறிக்கொண்டே இருப்பதுபோல் அறை முழுக்க அடித்துக்கொண்டது அந்த இருதயம்.

ஜெய்ராம் சில நாள் இன்டர்நெட்டில் தேடினான். சென்னையில் ஒரு நண்பன் மூலமாகப் படங்களைக் காட்டிக் கேட்டான். அங்கேயும் அதே பதில். பிறகு கம்ப்யூட்டர் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டான்.

தை மாதம் சுப்ரியாவுக்குச் சீமந்தம் செய்வதாக இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களில் சீமந்தம் முதல் கர்ப்பத்துக்குச் செய்வது. ஹோமம் வளர்த்து, வாத்தியார் மந்திரம் சொல்லி, புருஷன் கையால் செய்வது. ஒருத்திக்கு ஒரு தடவைதான். ஒரு நாள் சந்தானம் லேக் மார்க்கெட் வாத்தியாருக்குப் போன் செய்தார். சந்தானத்துக்குக் காது மந்தம். அதனால் மறுமுனையில் இருப்பவருக்கும் மந்தம் என்பது அவர் எண்ணம்.

"நமக்கில்லை வாத்தியார்! ஒரு சிநேகிதருக்காகக் கேக்கறேன்! முதல் குழந்தை தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டா... ஆமாம், சிநேகிதருக்குத்தான்! இதுக்குப் பண்ணிட்டா அடுத்ததுக்குப் பண்ண முடியாது, இல்லையா? ...இதுக்கு விட்டுட்டா? ...ஓஹோ! அப்போ அடுத்ததுக்குப் பண்ணிக்கலாமா? பலே, பலே!"

அந்தச் சிநேகிதர் யார் என்பது அன்று மாலைக்குள் கேட்டில் நிற்கிற காவல்காரனுக்கும் தெரிந்துவிட்டது. தமிழ் தெரியாத இரண்டாம் மாடி ஷிப்ரா பௌதி என்னிடம் வந்து விளக்கம் கேட்டுக்கொண்டு போனாள். பௌதி என்றால் அண்ணி. இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி.

மறுநாள் ஜெயலக்ஷ்மி படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்கோ மாமி. இருக்கறது ஒரே தடவை. தங்காததுக்குப் பண்ணிட்டு, நாளைக்குத் தங்கறது ஒண்ணு வந்தா அதுக்கு நான் என்னத்தைப் பண்ணுவேன்?"

அவள் கெட்டவள் இல்லை. பருப்பைக் களைகிற சாக்கில் குழாயடியில் நின்று அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இழவு வீட்டுக்கு யாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவதில்லை, அல்லவா? ஜெயலக்ஷ்மியின் கணக்கு அவ்வளவுதான். நல்லதை நல்ல நாளுக்கென்று மடித்து எடுத்து வைத்தாள்.

சுப்ரியாவிடம் முதலில் மார்கழியில் நல்ல காரியம் கூடாது என்றார்கள். மார்கழி போனது. பிறகு வாத்தியாருக்கு ஒழிவில்லை என்றார்கள். தை பாதி தாண்டியிருக்கும், நான் அவர்கள் வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போனேன். என் வீட்டில் உறைமோர் இருந்தது. சமையலறையில் ஜெயலக்ஷ்மி அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சுப்ரியா முக்காலியில், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, வாத்தியார் தேதி சொன்னாரா?"

"சொல்லுவார், சொல்லுவார்."

"மாமா போன்ல பேசினது எனக்கும் கேட்டுதும்மா."

கரண்டி நின்றது. மறுபடி கிளறத் தொடங்கியது.

"ஒரே தடவைதான்னா, அந்த ஒரு தடவை இதுதானே?" என்றாள் சுப்ரியா.

"நல்லபடியா இன்னொண்ணு வரும்டீ. அதுக்கு வேண்டாமா?"

"அது வந்தா அதுக்கு எல்லாம் பண்ணுவேள். தொட்டில்ல போடுவேள். பேர் வெப்பேள். காது குத்துவேள், பள்ளிக்கூடம் அனுப்புவேள். இதுக்கு உள்ள இருக்கறப்போ பண்றது மட்டும்தாம்மா உண்டு. வெளியில வந்தா எதுக்கும் பொழுதிருக்காது."

"அபசகுனமாப் பேசாதே!"

"நான் பேசலை. டாக்டர் சொன்னா. மாமிதான் சொல்லிக் குடுத்தா, அவாளைக் கேளுங்கோ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். நல்லவேளை, ஜெய்ராம் ஆபீசிலிருந்து வந்தான்.

"ஏன்னா, நீங்களாவது சொல்லுங்கோ," என்றாள் சுப்ரியா.

ஜெய்ராம் வாசற்கதவருகே குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அம்மா சொல்றதிலயும் ஒரு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அந்த நாடாவில் அவிழ்க்க முடியாத முடிச்சு எத்தனை இருந்ததோ, வெகுநேரம் நிமிரவில்லை.

தை போய் மாசி வந்தது. அந்த வாரத்தில்தான் ஷிப்ரா பௌதி ஒரு வெள்ளிக்கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு எதிரே படியில் சுப்ரியாவை நிறுத்தினாள். இங்கே கர்ப்பிணிக்கு ஷாத் என்று செய்வார்கள். பிரசவத்துக்கு முன் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போடுவார்கள். "மீன் தலை வைக்க வேண்டும். நீங்கள்தான் மீனைக் கண்டால் ஓடுகிறவர்களாயிற்றே, பாயசம் போதும், சாப்பிடு," என்று பௌதி பெங்காலியில் அதட்டினாள். பாதிதான் புரிந்திருக்கும். சுப்ரியா நின்றபடியே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். மேலிருந்து ஜெயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "என்னடீ அது?" என்று கேட்டாள். இறங்கி வரவில்லை.

ஆண் குழந்தை. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை, தலை நிறைய முடி. பார்க்கப் போன என்னை உள்ளே விட மறுத்தார்கள். எப்படியோ உள்ளே போய்விட்டேன் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. டாக்டர் நந்திதா சொல்லிவைத்திருந்தபடி குழந்தையைக் கருவிகளோடு கட்டாமல் சுப்ரியாவின் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள். முதல் நாள் சிவப்பாக இருந்தது. பிறகு நிறம் மங்கிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் முடிந்தது. சந்தானமும் ஜெய்ராமும் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள். பேர் வைக்காத குழந்தைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஊரிலிருந்து போன் வந்தபோது ஜெயலக்ஷ்மி குறைப்பிரசவம் என்றாள். கொஞ்ச நாள் போனதும் அந்த வார்த்தையும் நின்றது. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து அவள் ஒன்றுவிட்ட தங்கை அலமு கேட்டதற்கு, "இன்னும் ஒண்ணும் விசேஷமில்லைடீ, அதுகளுக்கு என்ன அவசரம்," என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. சுப்ரியா அப்போது கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

அந்த வருஷங்களில் அவள் பெங்காலி கற்றுக்கொண்டாள். பௌதி வீட்டில் பழக்கம். ஜெயலக்ஷ்மிக்குப் புரியாது, எனக்குப் புரியும். என் பையன் இருந்திருந்தால் இப்போது நடப்பான், என் பையனுக்குத் தலைமுடி சுருட்டை என்றெல்லாம் சொல்வாள், சர்வசாதாரணமாக, மார்க்கெட்டில் மீன் விலை கேட்கிற பௌதியிடம், மீன் விலைக்கு நடுவில்.

2006இல் மறுபடி உண்டானாள். ஜெயலக்ஷ்மி படி இறங்குகிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தடவை அப்படி ஆனதால் இதற்கும் இருதயத்தைப் பார்த்தாக வேண்டும். இந்தத் தடவை பூஜை, விடுமுறை என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொன்ன நாளுக்கு முந்தின நாளே தயாராக இருந்தார்கள். பெங்காலிக்கு ஆள் தேவைப்படவில்லை. இருந்தாலும் டாக்ஸியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அதே அறை, அதே டாக்டர். ஜெயலக்ஷ்மி சுவரோரமாக நின்று வாய்க்குள் ஏதோ சுலோகம் முணுமுணுத்தாள்.

"எத்தனையாவது?" என்று கேட்டாள் டாக்டர், வழக்கமாகக் கேட்கிற கேள்வியாக.

"இரண்டாவது," என்றாள் சுப்ரியா.

இரண்டு பக்கத்திலும் வண்ணம் ஏறியது. நாலு அறை, வால்வுகள் திறந்து மூடின, பெரிய குழாய் கட்டைவிரல் மாதிரி வளைந்து தெரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் ஜெயலக்ஷ்மிக்கும் எட்டுகிற இங்கிலீஷில் சொன்னாள். ஜெயலக்ஷ்மி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பசையோடு. சுப்ரியா திரையில் ஒரு இடத்தைச் சுட்டினாள்.

"அவனுக்கு இந்த இடம்தான் இல்லாமல் இருந்தது, இல்லையா?" பெங்காலியில் கேட்டாள்.

"ஆமாம், இதுதான்."

ஜெயலக்ஷ்மிக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

எடுத்து வைத்திருந்த சீமந்தத்தை ஜெயலக்ஷ்மி வெளியே எடுத்தாள். லேக் மார்க்கெட் பக்கத்தில் சத்திரம், மைசூர்பாகு, பட்டு, சென்னையிலிருந்து அலமுவின் கூட்டம். வாத்தியார் மட்டும் புதிது. இத்தனை வருஷம் வந்துகொண்டிருந்த லேக் மார்க்கெட் வாத்தியாரை விட்டு, சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்து பாலசுப்ரமணியன் என்று ஒருவரை ஆற்றைத் தாண்டி வரவழைத்திருந்தார்கள். "அவருக்கு உச்சரிப்பு சுத்தம்," என்றார் சந்தானம். லேக் மார்க்கெட்காரருக்கு அந்தச் சிநேகிதர் கதை தெரியும், இவருக்குத் தெரியாது. உச்சரிப்பில் வேறு வித்தியாசம் எனக்குப் புலப்படவில்லை.

ஹோம குண்டத்தின் முன் ஜெய்ராம் உட்கார்ந்தான். பக்கத்தில் சுப்ரியா, ஒரு தர்ப்பைப் புல்லால் அவன் தோளைத் தொட்டுக்கொண்டு. அந்தப் புல் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் அவன் செய்வது இரண்டு பேரும் சேர்ந்து செய்ததாகக் கணக்கு.

"முதல் கர்ப்பம்தானே மாமி? சங்கல்பத்துல சொல்லணும்," என்றார் வாத்தியார்.

"ஆமாம், ஆமாம்," என்று ஜெயலக்ஷ்மியும் சந்தானமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சுப்ரியா புல்லை எடுத்துவிட்டாள்.

"இல்லை வாத்தியார் மாமா. இது ரெண்டாவது."

வாத்தியார் அவளைப் பார்த்தார், பிறகு சந்தானத்தைப் பார்த்தார். சந்தானம் மின்விசிறியைப் பார்த்தார். மூலையில் கேசட்டில் நாகஸ்வரம் மட்டும் வெட்கமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல எனக்கு ஒரு பையன். மூணு நாள் இருந்தான். அவனுக்கு இதைப் பண்ணலை."

"என்னக்கா இது, எங்களண்ட ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள் அலமு, சத்திரம் பூராவும் கேட்கும்படி.

"சுப்ரியா, நல்ல காரியத்துல..." என்றாள் ஜெயலக்ஷ்மி.

வாத்தியார் அனுபவஸ்தர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதனால பாதகமில்லை. விட்டுப் போனதுக்கு ஒரு பிராயச்சித்தம் சொல்லிட்டு ஆரம்பிச்சுடலாம். தட்டுல ஒரு ஒத்தை ரூபாய் வையுங்கோ. அப்போ இதை ரெண்டாவது கர்ப்பம்னே சொல்லிடலாமோ?" கேள்வி பொதுவாகத்தான் வந்தது. பதில் சொல்ல வேண்டியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவதுன்னே சொல்லுங்கோ," என்றான் ஜெய்ராம்.

வாத்தியார் சமஸ்கிருதத்தில் சொல்லிக்கொடுத்தார், த்விதீய என்று. ஜெய்ராம் திருப்பிச் சொன்னான், தேவைக்கு மேல் உரக்க. சுப்ரியா தர்ப்பையை மறுபடி அவன் தோளில் வைத்தாள். பின்வரிசையில் ஷிப்ரா பௌதி என் முழங்கையை இடித்து, என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று ஜாடை காட்டினேன்.

கடைசியில் ஆலமொட்டை அரைத்து, துணியில் முடிந்து, கர்ப்பிணியின் வலது மூக்கில் சாற்றைப் பிழிவார்கள். உச்சந்தலைவரை காந்தும். தும்மக்கூடாது, துப்பக்கூடாது. அந்த நேரத்தில் எல்லோருக்குமே கண்ணில் தாரையாக ஊற்றும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஜெய்ராம் பிழிந்தான். சுப்ரியா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அழுதாள். சாறு தொண்டையில் இறங்கி வெகுநேரமான பிறகும் அழுதாள். பக்கத்தில் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தன் கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் நின்ற ஜெயலக்ஷ்மியின் மூக்கில் யாரும் எதையும் பிழியவில்லை.